ஃபோர்ட்ரான் பாயிண்டர்: அம்புக்குறியை விட்டால் வம்பு

சி மொழி படித்துவிட்டு ஃபோர்ட்ரான் பக்கம் வருகிறவர்கள் பாயிண்டர் (நினைவகத்தில் உள்ள தரவைச் சுட்டும் மாறி) என்றதும் நட்சத்திரக் குறியைத் தேடுவார்கள். இங்கே அது கிடையாது. ஐபிஎம் 1957-ல் வெளியிட்ட இந்த மொழிக்குப் பாயிண்டரே ஃபோர்ட்ரான் 90 என்ற பதிப்பில்தான் வந்தது, அதுவும் வெறும் முகவரியாக இல்லாமல், ஏற்கெனவே இருக்கும் தரவுக்கு இன்னொரு பெயர் மாதிரி.

நம்ம திருநெல்வேலிக் கணக்கையே எடுப்போம். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகிய மூன்று அணைகளின் தினசரி நீர்மட்டம், 365 வரிசையும் 3 பத்தியும் கொண்ட 'மட்டம்' என்ற அரேயில் (அட்டவணை மாதிரி அடுக்கிய எண்கள்) இருக்கிறது. மணிமுத்தாறு பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பது, அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் பார்த்தால் போதும். பிரதி எடுக்காமலே பார்க்கலாம் (நிஜ நிரலில் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடியும்):

ரியல், டார்கெட் :: மட்டம்(365, 3)
ரியல், பாயிண்டர் :: பருவம்(:)
பருவம் => மட்டம்(274:365, 3)

டார்கெட் என்று ஏன் சொல்ல வேண்டும்? சொல்லாத மாறிகளை வேறு எந்தப் பாயிண்டரும் தொடாது என்று கம்பைலர் (நாம் எழுதுவதை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) நம்பிக்கொண்டு வேகமான நிரலை உருவாக்கும், ஃபோர்ட்ரானின் வேகத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது பருவம் = 0.0 என்று எழுதினால் மட்டம் அரேயிலேயே அந்த 92 நாளும் பூஜ்யமாகிவிடும். மேலே மூன்றாம் வரியில் இருக்கிற அம்புக்குறியைப் போட்டால் பாயிண்டர் எதைக் காட்டுவது என்பது மாறும், வெறும் சமக்குறி போட்டால் காட்டப்படும் மதிப்பே மாறும். அம்பு போட வேண்டிய இடத்தில் > விட்டுப்போனால் கம்பைலர் பெரும்பாலும் வாயே திறக்காது, அசல் தரவு போய்விடும்.

அப்புறம், பருவம்(1) என்பதுதான் அக்டோபர் 1, பருவம்(274) இல்லை. பழைய எண்ணே வேண்டுமென்றால் ஃபோர்ட்ரான் 2003 முதல் பருவம்(274:) => என்று எழுதலாம்.

முகவரியோடு எல்லைகளையும் இடைவெளியையும் பாயிண்டர் சேர்த்தே வைத்திருக்கும். மட்டம்(1:365:7, 1) என்று காட்டினால் பாபநாசத்தின் வாராந்தர அளவு 53 கிடைக்கும். ஃபோர்ட்ரான் பத்தி பத்தியாகச் சேமிப்பதால் ஒரே நாளின் மூன்று அணை மட்டங்களும் நினைவகத்தில் 365 இடம் தள்ளித் தள்ளித்தான் கிடக்கும், மட்டம்(300, :) என்று காட்டினால் அந்தத் தாவலையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

அறிவித்த உடனே பாயிண்டர் எதைக் காட்டுகிறது என்று சொல்ல முடியாது, அந்த நிலையில் அசோசியேட்டட் (பாயிண்டர் எதையாவது காட்டுகிறதா என்று சொல்லும் செயல்கூறு) என்று கேட்டாலும் பதிலை நம்ப முடியாது. முதலில் நல் (எதையும் காட்டவில்லை என்ற நிலை) கொடுத்துவிடுங்கள். அளவு தெரியாத ஒரு அரேக்கு இடம் ஒதுக்க மட்டும்தான் என்றால் பாயிண்டரே வேண்டாம், அலோகேட்டபிள் (நிரல் ஓடும்போது இடம் ஒதுக்கக்கூடிய மாறி) போதும். சப்ரூட்டீன் (துணை நிரல்) முடிந்ததும் அது தானே இடத்தை விட்டுவிடும், பாயிண்டரில் ஒதுக்கியதை நீங்கள்தான் டீஅலோகேட் செய்ய வேண்டும்.