ஃபிஸ்கல் டிரான்ஸ்பரன்சி: தமிழில் என்ன சொல்வது?

அரசு எவ்வளவு வரி வாங்கியது, எதற்கு ஒதுக்கியது, கடைசியில் எதற்குச் செலவழித்தது என்பதைக் காலம் தாழ்த்தாமல், மக்களுக்குப் புரியும்படி வெளியிடுவதே இத்தொடரின் பொருள். பன்னாட்டு நாணய நிதியம் 1998இல் இதற்கென நெறிமுறைகளை வகுத்தது.

‘ஃபிஸ்கஸ்’ என்றால் இலத்தீனில் கூடை, பணப்பை. உரோமில் மக்களின் கருவூலம் ‘ஏராரியம்’. பேரரசரின் கருவூலமே ‘ஃபிஸ்கஸ்’. ‘டிரான்ஸ்பரன்சி’ என்பது ஊடாகத் தெரிதல்.

தமிழ்நாட்டில் ‘நிதி வெளிப்படைத்தன்மை’ என்கிறோம். ‘நிதி’ வடசொல். இலங்கை மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளோ ‘ஃபிஸ்கல் பாலிசி’யை ‘இறைக்கொள்கை’ என்று எழுதுகின்றன. இறை என்றால் வரி. ‘இறையொருங்கு நேர்வது நாடு’ என்ற குறளிலும், கல்வெட்டுகளின் ‘இறையிலி’ நிலத்திலும் இருப்பது இச்சொல்தான். ‘வெளிப்படை’யும் பழைய சொல்லே. நன்னூல் அதைக் ‘குறிப்பு’க்கு எதிராக வைக்கிறது. ஆகவே ‘தன்மை’ என்ற வால் இல்லாமல் ‘இறை வெளிப்படை’ என்பதே என் தேர்வு. இறை என்றதும் கடவுள் நினைவு வருகிறவர்கள் ‘நிதி வெளிப்படை’ என்று சொல்லலாம்.

நலவாழ்வுத் துறையில் இச்சொல்லுக்கு உயிர் உண்டு. மாநில வரவுசெலவுத் திட்டத்தில் 2210 என்ற தலைப்பைத் திறந்து பாருங்கள்: மருத்துவம், பொதுச் சுகாதாரம். ஒதுக்கீடு ஒரு பத்தி, திருத்திய மதிப்பீடு ஒரு பத்தி, உண்மையில் செலவான தொகை ஒரு பத்தி. ஒதுக்கீடு செய்தியாகிவிடும், செலவான தொகை பல மாதம் கழித்து வரும்போது கேட்பாரில்லை. 2014 வரை தேசிய ஊரக நலவாழ்வுத் திட்டத்துக்கான மத்திய அரசுப் பணம் மாநிலக் கருவூலத்தைத் தொடாமல், திட்டத்தை நடத்த அமைத்த நலவாழ்வுச் சங்கங்களின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போனது. அப்போது சட்டமன்ற உறுப்பினர் வரவுசெலவுத் திட்டத் தாள்களைப் புரட்டியிருந்தாலும் முழுச் செலவு அவர் கண்ணில் பட்டிருக்காது.

கணக்கு கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நல்ல சான்று. மருந்துகளைப் பொது ஒப்பந்தப்புள்ளி மூலம் மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக்; அதில் ஆண்டுக்கான தொகை எழுதியிருக்கும். மருந்து எடுக்க எடுக்க மதிப்பு கழியும். எவ்வளவு மீதம் என்பது மருந்தாளுநருக்கும் கிடங்குக்கும் ஒரே நேரத்தில் தெரிவதால், தேவையற்றதை வாங்கிக் குவிக்க எளிதில் மனம் வராது. கேரளமும் ராஜஸ்தானும் பிறகு இந்த வழியைப் பின்பற்றின.

கணக்கை வெளியிட்டதாலேயே பணம் பெருகிவிடாது என்பதும் உண்மை. அரசின் நலவாழ்வுச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக்குவோம் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை. 2021-22இல் அது 1.84 விழுக்காடு என்கிறது தேசிய நலவாழ்வுக் கணக்கு. அந்தக் கணக்கே 2024இல்தான் வெளிவந்தது. இலக்கு ஆண்டு நெருங்கியபோது நம் கையில் இருந்தது கொரோனா காலத்துச் செலவு விவரம். அதை வைத்து, துறையின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் அந்த ஆண்டின் மானியக் கோரிக்கையை எப்படி விவாதிப்பது?