லொறிக்கு ஏது தகைமை?

பக்கத்து வீட்டு அண்ணன் பழைய லொறி ஒன்று வைத்திருக்கிறார். கந்தப்பளையில் மரக்கறி ஏற்றி, றம்பொடை இறக்கத்தில் இறங்கி, கண்டி, மாத்தளை வழியாக இரவோடு இரவாகத் தம்புள்ளைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். போன மாதம் ஒருநாள் மாலை, கையில் ஒரு ஃபைலோடு வீட்டுக்கு வந்தார்.

“சேர், லொறிக்கு லைசன் புதுப்பிக்கப் போனேன். தகைமைச் சான்றிதழ் கொண்டாரச் சொல்லி எழுதியிருக்கு. நான் எட்டாம் வகுப்போட சரி. மவனோட என்.வீ.கியூ. சர்டிபிகட் இருக்கு. அது சரிவருமா?”

என்.வீ.கியூ. என்பது தொழிற்பயிற்சி முடித்தவர்களுக்குக் கொடுப்பது. சிரித்துவிட்டேன். பிறகு அவர் நீட்டிய படிவத்தை வாங்கிப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உண்மையிலேயே அப்படித்தான் அச்சிட்டிருந்தார்கள்: ‘வாகனத் தகைமைச் சான்றிதழின் மூலப் பிரதி’. மனிதர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். எழுதியவர்தான் பிழை. இதே சொல்லை ஒரு கராஜ் வாசல் பலகையிலும் ஒரு வானொலி அறிவித்தலிலும் ஏற்கெனவே கண்டும் கேட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவன் நான். மூன்றாவது முறை பொறுக்க முடியவில்லை.

கேட்டது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். லொறியும் பஸ்ஸும் வீதியில் ஓடக்கூடிய நிலையில் இருக்கின்றன என்று, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் அங்கீகரித்த கராஜில் சோதித்துக் கொடுக்கும் பத்திரம். ட்ரைவர்மாரும் கராஜ் பாஸ்மாரும் ‘பிட்னஸ்’ என்பார்கள். சிங்களத்தில் ‘யோக்யதா சஹதிகய’. தமிழ்நாட்டில் ‘எப்.சி.’ சொந்தப் பாவனைக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் இது வேண்டியதில்லை. அவற்றுக்குப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் இருந்தால் போதும்.

சொல்லின் வேருக்கு அதிக தூரம் போக வேண்டாம். தகு என்பது அடி. தக்க, தகாத, தகவு, தகுதி, தகை, தகைமை எல்லாம் அதன் பிள்ளைகள். பொருந்துதல், ஏற்றதாயிருத்தல் என்பது அடிப்படைப் பொருள். குறளில் நடுவுநிலைமை அதிகாரத்தின் முதற் குறளே ‘தகுதி’ என்றுதான் தொடங்குகிறது. ஆனால் அங்கே அதன் பொருள் பக்கம் சாராமை. பத்திரம் கொடுக்கிறவர்களுக்கு அந்தப் பழைய பொருளையும் யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது. வாகனத்தைக் கண்ணால் காணாமலே பத்திரம் கிடைக்கிறது என்ற பேச்சு நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் புதிதல்ல. அது போகட்டும்.

ஆக, தகுதியும் தகைமையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானே, எதைப் போட்டால் என்ன? மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் இப்படித்தான் கேட்டார். அவருடைய வாதம் மூன்று கால்களில் நின்றது. ‘தகுதி’ என்பது சட்டத் தமிழில் ஏற்கெனவே ‘தகுதிவாய்ந்த அதிகாரி’ என்று வேறு வேலை பார்க்கிறது, ஆகவே வாகனத்துக்குத் தனிச்சொல் வேண்டும் என்றார். தகைமை இலக்கியச் சுவையுள்ள சொல், தகுதி சந்தையில் அடிபட்ட சொல் என்றார். மூன்றாவதாக அவர் போட்டது ஒரு வெடி: தகைத்தல் என்றால் தடுத்தல் என்றும் பொருள் உண்டு, நிறுத்தத் தெரிந்த வாகனத்துக்குத் தகைமை என்பது எவ்வளவு பொருத்தம்!

மூன்றாவது வாதம் கேட்க அழகாயிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். தடுத்தல் என்ற பொருளில் தகை என்றொரு வினை இருப்பது உண்மை. நமது பள்ளிக்கூடப் பௌதிகவியலில் வரும் ‘தகைப்பு’ அந்தக் கிளைதான்; தமிழ்நாட்டார் அதையே ‘தகைவு’ என்கிறார்கள். ஆனால் தகைமை அந்தக் கிளையில் காய்த்ததல்ல. தகைமை என்றதும் பிரேக் நினைவுக்கு வருகிற தமிழர் ஒருவரை அவர் கூட்டிவந்து காட்டட்டும், அந்தத் தேதியிலிருந்து நானும் தகைமை என்றே எழுதுகிறேன்.

இலக்கியச் சுவை வாதத்துக்கு ஒரு வரி போதும். படிவம் நிரப்ப வருகிறவர் சுவைக்க வரவில்லை.

முதல் வாதத்துக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு இரண்டு வேலை இருக்கக் கூடாது என்பது கொள்கையானால், அதை முதலில் தகைமைக்கு அல்லவா பிரயோகிக்க வேண்டும்? இந்த நாட்டில் தகைமை என்ற சொல்லுக்கு ஏற்கெனவே நிரந்தர நியமனம் கிடைத்தாயிற்று. வர்த்தமானியில் வெற்றிட அறிவித்தல் வந்தால் ‘கல்வித் தகைமை’. தொழிற்பயிற்சி முடித்தால் ‘தேசிய தொழிற் தகைமை’. தோட்டத்துப் பிள்ளை சாதாரண தரம் எழுதி முடித்த நாளிலிருந்து தகைமை என்றால் கையில் உள்ள சான்றிதழ். அந்த அண்ணனுக்கு மகனின் என்.வீ.கியூ. நினைவுக்கு வந்தது அறியாமையால் அல்ல. நாமே இத்தனை வருடமாக அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். தமிழ்நாட்டில் கல்வித் தகுதி என்று எழுதுவார்கள். அங்கே யாராவது வாகனத்துக்குத் தகைமை என்று போட்டாலாவது குழப்பம் குறைவு. இங்கே, ஒரு பொருள் இருக்கும் கதிரையிலேயே இன்னொரு பொருளை உட்கார வைக்கிறோம்.

அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. தகைமை ஒருமுறை பெற்றால் பெற்றதுதான். 1985இல் சாதாரண தரம் சித்தியடைந்தவர் இன்றும் சித்தியடைந்தவரே, கணக்கு முழுக்க மறந்துபோயிருந்தாலும். லொறியின் கதை அப்படியா? பத்திரம் எடுத்த மறுமாதம் டயர் தேயும். பிரேக் லைனிங் கரையும். ஸ்டியரிங்கில் ஆட்டம் விழும். அதனால்தான் வருடத்துக்கு வருடம் திரும்பவும் சோதிக்கச் சொல்கிறார்கள். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், விளக்கு, ஹோர்ன், வைப்பர், சேசிஸில் துரு என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது, அந்த வாகனம் எதைப் படித்தது என்று அறிவதற்கல்ல, இன்றைக்கு அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்று அறிவதற்கு. றம்பொடையிலோ கடுகண்ணாவையிலோ கினிகத்தேனையிலோ பாரத்தோடு இறங்கும் ட்ரைவர், கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறி, கடைசி வளைவில் மிதித்தும் பிடிக்காது. அந்த வளைவில் நமக்கு வேண்டியது நிலையைச் சொல்லும் சொல். பெருமையைச் சொல்லும் சொல் அல்ல.

தகைமையை எதிர்க்கிறவர்கள் சிலர் இன்னொரு பக்கம் போய் விழுகிறார்கள். ‘வீதித் தகுதி’ என்று ஒன்று பத்திரிகையில் ஓடுகிறது. ‘ரோட்வேர்த்தினஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை நடுவில் முறித்து, இந்தத் துண்டுக்கு வீதி, அந்தத் துண்டுக்குத் தகுதி என்று ஒட்டவைத்தது. கல்வித் தகுதி என்றால் கல்வியில் உள்ள தகுதி. அப்படியானால் வீதித் தகுதி யாருடையது? தமிழ்க் காது அதை வீதியின் தகுதி என்றுதான் கேட்கும். அப்படியே வைத்துக்கொள்வோம் என்றால் எனக்குச் சந்தோஷந்தான். எங்கள் தோட்டப் பாதைகளுக்கு வருடா வருடம் பரிசோதகர் வரட்டும். கொழுந்து லொறி அச்சு முறிந்து நிற்கிற வளைவுகளைப் பார்த்துவிட்டு, எத்தனை பாதைகளுக்குப் பத்திரம் கொடுப்பார் என்று நானும் பார்க்கிறேன்.

‘உடற்தகுதி’ என்றும் ஓரிடத்தில் கண்டேன். பொலிஸுக்கு ஆள் எடுக்கும்போது நெஞ்சளவு பார்ப்பதற்குச் சொல்வது. இதில் இலக்கணமும் சேர்ந்து சறுக்குகிறது. சொல்லும் தொடரும் சேர்ந்தால் சொற்றொடர். அப்படியானால் உடலும் தகுதியும் சேர்ந்தால் உடற்றகுதி. ‘தொழிற் தகைமை’க்கும் இதே கதிதான். புணர்ச்சியில் பாதி வழி வந்து நின்றுவிடுகிறார்கள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

சிங்களத்தில் உள்ள யோக்யதாவையே யோக்கியதை என்று எடுத்துக்கொள்ளலாமே என்பாரும் உண்டு. வடமொழி என்பதால் அதை நான் தள்ளவில்லை, அந்த அளவுக்குத் தனித்தமிழ் வெறி எனக்கில்லை. பஸ்ஸைப் பேருந்தாக்கினால்தான் ஏறுவேன் என்று மழையில் நிற்கிறவன் நானல்ல. ஆனால் நம் வாயில் அந்தச் சொல்லுக்குக் கசப்பு ஏறிவிட்டது. “உனக்கு என்ன யோக்கியதை இருக்கு?” என்று சண்டையில்தான் கேட்கிறோம். அதை லொறியிடம் கேட்பது லொறிக்கு மரியாதையில்லை.

என் தீர்ப்பு இதுதான். பத்திரத்துக்கு ‘வாகனத் தகுதிச் சான்றிதழ்’ தாராளமாகப் போதும். எட்டாம் வகுப்புப் படித்தவருக்கும் புரியும். நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘ஓட்டத் தகுதி’ என்று எழுதலாம். ஓடுவதற்கான தகுதி, வீதியின் தகுதி என்று யாரும் மயங்க மாட்டார்கள். ஓட்டம் என்றால் பந்தய ஓட்டம் போல இருக்கிறதே என்று நண்பர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும். “வண்டி ஓடுதுதானே, பிறகென்ன?” என்பதுதான் கராஜுக்குப் போகத் தயங்குகிற ஒவ்வொருவரும் சொல்லும் சாட்டு. ஓடுவது வேறு, ஓடத் தகுவது வேறு என்று அந்தச் சாட்டுக்கு நேரே நின்று பதில் சொல்வது இந்தச் சொல் ஒன்றுதான்.

தொடங்கியதுதான் தொடங்கினேன், அதே படிவத்தில் இருந்த மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். மேலே தலைப்பு ‘வருமான அனுமதிப்பத்திரம்’. நம் ஆட்கள் ‘லைசன்’ என்பது. பிரதேச செயலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை காசு கட்டி எடுப்பது. யாருக்கு வருமானம்? அரசாங்கத்துக்கு. சிங்களத்தில் ‘ஆதாயம்’ என்ற சொல், வீட்டுக்கு வரும் சம்பளத்துக்கும் அரசுக்கு வரும் பணத்துக்கும் பொது. தமிழில் நமக்கு இரண்டு சொல் இருக்கின்றன, வருமானம் என்றும் வருவாய் என்றும். கையில் இருக்கும் இரண்டில் பொருந்தாததை எடுத்துப் போட்டுவிட்டு, இதை வருமான வரிப் பத்திரம் என்று எண்ணிப் பயந்து வருகிறவர்களுக்குக் கவுண்டரில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

மற்றது ‘உமிழ்வுச் சான்றிதழ்’. 2008இலிருந்து இரண்டு தனியார் நிறுவனங்கள் நகரத்துக்கு நகரம் நிலையம் போட்டு இந்தப் பரிசோதனையைச் செய்கின்றன. பெற்றோல் வண்டியானால் புகைக்குழாயில் ஒரு குழாயைச் செருகி, காபனோரொட்சைட்டும் ஐதரோக்காபனும் எவ்வளவு என்று அளப்பார்கள். டீசல் வண்டியானால் நின்ற இடத்தில் அக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, வரும் புகையின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். மின்சார வாகனத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. உமிழ்வு என்பது பௌதிகவியலில் நல்ல சொல்தான். ஆனால் தெருவில் உமிழ்தல் என்றால் துப்புதல். வெற்றிலை போடும் ஒரு பெரியவர் அந்தப் பலகையைப் பார்த்து வாயைத் துடைத்துக்கொண்டதை நான் கண்டிருக்கிறேன். சிங்களப் பெயரே ‘தும் சஹதிகய’, அதாவது புகைச் சான்றிதழ். எல்லாவற்றையும் சிங்களத்திலிருந்து சொல்லுக்குச் சொல் எடுப்பவர்கள், எடுத்திருக்க வேண்டிய இந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். பெற்றோல் வண்டியில் வருவது கண்ணுக்குத் தெரியாத வாயு, அதைப் புகை என்பது சரியா என்று கேட்டால், சனங்கள் சரி என்றுதான் நினைக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம். ‘தக்கார் தகவிலர் என்பது அவரவர் எச்சத்தாற் காணப்படும்’ என்ற குறளுக்கு, லொறியைப் பொறுத்தவரை, புகைக்குழாயைவிட நல்ல உரை எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்கவும் முடியாது. டவுனில் இறங்கி, “வாகனத் தகைமைச் சான்றிதழ் பெறும் நிலையம் எங்கே?” என்று கேட்டால் ஏதோ தொழிற்பயிற்சி நிலையத்துக்கு வழி காட்டுவார்கள். “பிட்னஸ் எடுக்கிற கராஜ் எது அண்ணே?” என்று ஒரு லொறி ட்ரைவரிடம் கேட்டால், எந்த கராஜுக்குத் திணைக்களத்தின் அங்கீகாரம் உண்டு, பிரேக்கை எங்கே முன்கூட்டிச் சரிபார்த்துக்கொண்டு போகலாம் என்பது வரை சொல்லிவிடுவார். புகை டெஸ்டுக்கும் அப்படியே. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு கொண்டுபோ, எயார் ஃபில்டரை முதல்நாளே சுத்தம் செய் என்ற புத்திமதி இலவசம். மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு நாளாவது ஸ்டாண்டில் போய் நிற்க வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். அகராதியில் இல்லாத சொல் அங்கே இருக்கிறது என்பதற்காக அல்ல. அகராதியில் இருக்கும் எந்தச் சொல் அங்கே செல்லாது என்பது அங்கேதான் தெரியும்.

அண்ணனுக்கு விளக்கிச் சொன்னேன். தலையை ஆட்டினார். மகனின் சான்றிதழைப் பத்திரமாக மடித்து ஃபைலில் வைத்தார். போகும்முன் அந்தப் படிவத்தை வாங்கி, ‘தகைமை’யைப் பேனாவால் வெட்டி மேலே ‘தகுதி’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் லொறி கராஜில் தேறியது, புகையும் தேறியது. ஆனால் லைசன் அன்று கிடைக்கவில்லை. வெட்டித் திருத்திய படிவம் செல்லாது, புதுப் படிவம் நிரப்பிக்கொண்டு வாருங்கள் என்று கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.