ஓவர்ஹெட் பிளாக்: தமிழில் ‘உச்சித்தாங்கல்’

அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தில், தலைக்கு மேலே பறந்து வரும் பந்தை மட்டையின் அகன்ற முகத்தால் நிறுத்தி, வேகத்தைத் தணித்து, தன் கையிலோ காலடியிலோ விழும்படி இறக்கும் திறனுக்கு ‘ஓவர்ஹெட் பிளாக்’ என்று பெயர். நிறுத்துதல், தணித்தல், இறக்குதல் என்ற மூன்றும் சேர்ந்த ஒரே அசைவு அது. பந்தை நிறுத்திவிட்டு எங்கோ தெறிக்க விட்டால் எந்தப் பயிற்சியாளரும் ஏற்கமாட்டார். தமிழ்ச் சொல்லும் இந்த மூன்றையும் சுமக்கவேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: அணிக்கு 15 பேர். கையில் மரபாக ஆஷ் மரத்தில் செதுக்கும் ‘ஹர்லி’ என்ற மட்டை. தக்கை உள்ளீடும் தோல் உறையும் கொண்ட பந்துக்கு ‘ஸ்லிட்டர்’ என்று பெயர். எடை 110 முதல் 120 கிராம், விட்டம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். இரு கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்குக் கீழே பந்து வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளிகள். மேலே போனால் ஒரு புள்ளி. 1884-இல் தர்ல்ஸ் நகரில் தொடங்கப்பட்ட கேலிக் விளையாட்டுச் சங்கம் இந்த ஆட்டத்தை இன்றும் நடத்துகிறது. பெண்கள் ஆடும் வடிவம் ‘கமோகி’. ஹர்லிங் 2018-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது.

‘ஹர்ல்’ என்ற ஆங்கில வினைக்கு ‘வேகமாக எறி’ என்று பொருள். அதை நம்பி ‘எறிபந்து’ என்று தமிழாக்கினால் பெரும் பிழையாகிவிடும். ஏனெனில் ஹர்லிங்கில் பந்தைக் கையால் எறிவதே தவறு. கையால் தரவேண்டுமானால் தட்டித்தான் தரவேண்டும். ஐரிஷ் மொழியில் ஆட்டத்தின் பெயர் ‘இமானியாக்த்’. அதன் வேர்ச்சொல்லுக்கு ‘ஓட்டு, விரட்டு’ என்பது பொருள். மட்டைக்கு ஐரிஷில் ‘கமான்’ என்று பெயர்; ‘கம்’ என்றால் வளைந்தது. அப்படியே சொன்னால் நம் ‘வளைகோல்’தான். ஆனால் வளைகோலை ஹாக்கி முன்பே எடுத்துக்கொண்டது. ஒரே சொல்லை இரு ஆட்டங்களுக்கு வைத்துக் குழப்புவதைவிட ‘ஹர்லி மட்டை’ என்றே எழுதுவது நல்லது.

மட்டையின் அகன்ற பகுதிக்கு ஐரிஷில் வழங்கும் ‘பாஸ்’ என்ற சொல்லுக்கு முதற்பொருள் உள்ளங்கை. குழந்தைக்கு இந்தத் திறனைக் கற்பிக்கும் எவரும் இதை விட்டுவிடக் கூடாது. ‘மட்டையை நேராகப் பிடி, கோணத்தைச் சரிசெய்’ என்று பத்து முறை சொல்வதைவிட, ‘மட்டையின் உள்ளங்கையைப் பந்துக்குக் காட்டு’ என்று ஒருமுறை சொன்னால் போதும். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட அது உடனே விளங்கும்.

இனி ‘பிளாக்’. ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் முந்தைய இடைக்கால டச்சு வடிவத்துக்கு அடிமரம், மரத்துண்டு என்று பொருள். வழியில் கட்டையைப் போட்டு மறிப்பது என்ற பொருள் பின்னால் வளர்ந்தது. ஹர்லி மட்டையையும் ஆஷ் மரத்தின் அடிப்பகுதியிலிருந்தே அறுக்கிறார்கள். தண்டு வேராக வளையும் இடத்தில் மரத்தின் இழையும் சேர்ந்தே வளைவதால்தான் மட்டை எளிதில் பிளப்பதில்லை.

சிக்கல் என்னவென்றால், ஹர்லிங்கில் ‘பிளாக்’ இரண்டு வேறு செயல்களைக் குறிக்கிறது. எதிராளி பந்தை அடிக்க மட்டையை வீசும்போது நம் மட்டையை முன்னால் நீட்டி அந்த அடியை அடக்குவது ஒன்று. யாரோ எப்போதோ அடித்துவிட்ட பந்து நம்மை நோக்கி வரும்போது அதை நிறுத்தி வசப்படுத்துவது இன்னொன்று. முன்னதில் எதிராளியோடு மோதல்; பின்னதில் பந்தோடு உறவு. தமிழில் இவற்றைப் பிரித்துச் சொல்ல வசதி இருக்கும்போது ஆங்கிலத்தின் குழப்பத்தை நாமும் ஏன் சுமக்கவேண்டும்? முதலாவதற்கு ‘அடிமறிப்பு’ பொருந்தும்; வழிமறித்தல் என்பதில் உள்ள அதே மறித்தல்தான். பின்னாலிருந்து மட்டையை நீட்டி எதிராளியின் வீச்சைச் சிக்கவைக்கும் ‘ஹுக்’ என்பதை ‘கொளுவுதல்’ எனலாம்.

இரண்டாவதற்குத்தான் நல்ல சொல் தேவை. ‘பிளாக்’ என்றே விட்டுவிடலாமே என்றால், வாலிபால் ஆடியவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். அங்கே வலையோரம் எம்பிப் பந்தை எதிரணிப் பக்கமே திருப்பி அனுப்புவது வெற்றி. ஹர்லிங்கில் அப்படித் திருப்பி அனுப்பினால் பந்தைத் தாரைவார்த்ததாகிவிடும். ‘தடுப்பு’ என்ற சொல் நிறுத்துவதோடு நின்றுவிடுகிறது. ‘ஏந்தல்’ மென்மையான சொல். ஆனால் மேலிருந்து பாய்ந்து வரும் பந்தின் அழுத்தம் அதில் இல்லை.

‘தாங்கல்’ எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. தாங்குதல் என்றால் சுமத்தல் மட்டுமல்ல, எதிர்த்து நிறுத்துதலும்கூட. ‘தார்தாங்கிச் செல்வது தானை தலைவந்த போர்தாங்கும் தன்மை அறிந்து’ என்று குறள் படைக்கு இலக்கணம் சொல்கிறது. மேல்வந்த போரை எதிர்த்து நிற்பதே அங்கே தாங்குதல். இடிதாங்கியைப் பாருங்கள்: வானிலிருந்து இறங்கும் வேகத்தைத் தன்மேல் வாங்கித் தரைக்கு இறக்கிவிடுகிறது. நிறுத்துதல், தணித்தல், இறக்குதல் மூன்றும் அந்த ஒரு சொல்லில் முன்பே இருக்கின்றன. ஓடும் நீரை நிறுத்தித் தேக்கும் ஏரிக்கும் ‘தாங்கல்’ என்று பெயர் உண்டு. ஊர்ப்பெயர்களில் அது இன்றும் வாழ்கிறது. எனவே ‘உச்சித்தாங்கல்’ என்பதே என் பரிந்துரை. மேலே கையால் பிடிப்பதை ‘உச்சிப்பிடி’ என்றும், வரும் பந்தை நிறுத்தாமல் மேலேயே அடித்து அனுப்புவதை ‘உச்சியடி’ என்றும் சொன்னால் ஒரு குடும்பச் சொற்கள் கிடைத்துவிடும்.

கையால் பிடிக்க முடியுமென்றால் தாங்கல் எதற்கு? கோல் காப்பாளர் அடித்துத் தொடங்கும் பந்து 80 மீட்டருக்கு அப்பாலும் போய் இறங்கும். அது விழும் இடத்தில் இரு தரப்பினரும் மட்டைகளை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். அந்த மட்டைகளுக்கு நடுவே வெறுங்கையை நீட்டினால் விரல் முறியலாம். அதோடு, கை எட்டாத உயரத்தை மட்டை எட்டும். குறுக்குக் கம்பத்தை ஒட்டி இறங்கும் பந்துக்குக் காப்பாளரின் முதல் துணையும் இதுதான்.

பயிற்சியில் முதலில் பந்தே வேண்டாம். மேல்கை மட்டைப்பிடியின் நுனியில் இருக்க, மட்டையை உயர்த்தி உள்ளங்கைப் பக்கத்தை முன்னால் காட்டிச் சற்று நேரம் நிறுத்தச் சொல்லவேண்டும். மட்டையின் முகம் சற்றே முன்பக்கம் சாய்ந்திருக்கவேண்டும். பின்னால் சாய்ந்தால் பந்து தலையைத் தாண்டிப் பின்புறம் ஓடிவிடும். பெரும்பாலான தோல்விகளுக்கு இந்தச் சாய்வே காரணம். அடுத்து, மென்மையான பந்தைச் சில மீட்டர் தூரத்திலிருந்து இணையாளர் கையால் மெல்லத் தூக்கிப் போடவேண்டும். பந்து மட்டையைத் தொடும் கணத்தில் பிடியைச் சற்றுத் தளர்த்தினால் வேகம் செத்துவிடும். இறுக்கிப் பிடித்தால் பந்து தெறிக்கும். தாங்கல் கைகூடுவதும் தவறுவதும் அந்தத் தளர்விலேயே இருக்கிறது. அதனால் மற்றதைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்கவேண்டும்.

பிள்ளைகள் மட்டையை வீசத் துடிப்பார்கள். வீசினால் அது உச்சியடியாகிவிடும். மட்டை பந்தைச் சந்திக்க உயரவேண்டும், பந்தை நோக்கிச் சுழலக் கூடாது. இன்னொரு குறை, பந்து நெருங்கும்போது கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்புவது. அதட்டினால் அது போகாது. மென்பந்தும் முகக்காப்புள்ள ஹெல்மெட்டும் தரும் துணிச்சலால்தான் போகும். 2010 முதல் எல்லா நிலை ஆட்டங்களிலும் ஹெல்மெட் கட்டாயம். மற்றொரு கை மட்டைகளின் பாதையிலிருந்து விலகி, இறங்கும் பந்தை வாங்கத் தயாராக இருக்கவேண்டும். மோதல் பலமாக இருக்குமென்றால் இரு கைகளாலும் மட்டையைப் பிடிப்பது பாதுகாப்பு.

பிறகு அடித்து அனுப்பும் பந்து. அதன் பின் அருகில் சும்மா நிற்கும் எதிராளி. கடைசியில்தான் உண்மையாகப் போட்டியிடும் எதிராளி. இந்த வரிசையை மாற்றினால் பயம் முந்திக்கொள்ளும்.

வருணனையில் வினையாக எழுதும்போது பெயர்ச்சொல்லை இழுத்து நீட்டவேண்டியதில்லை. ‘பந்தை உச்சியில் தாங்கி இறக்கினாள்’, ‘தாங்கிய பந்து காலடியில் விழுந்தது’, ‘தாங்கல் தவறிப் பந்து பின்னால் ஓடியது’ என்று எழுதினால் போதும். பயிற்சிக் குறிப்பில் ‘உச்சித்தாங்கல்: இருவர் இருவராகப் பத்து முறை’ என்று தலைப்பிடலாம்.