படத்துக்குள் கவிதை எழுதும் முன்

என் முதல் தனிக் கண்காட்சியில் மூன்றடிக்கு நான்கடி கேன்வாஸ் ஒன்று இருந்தது. கிணற்றடி, கவிழ்ந்து கிடக்கும் வாளி, ஓரத்தில் எனக்குப் பிடித்த கவிஞர் ஒருவரின் மூன்று வரிகள். மூன்றாம் நாள் அந்தக் கவிஞரே வந்துவிட்டார். வெகுநேரம் நின்று படித்தவர், “நடுவுல ஒரு வரியக் காணோமே, தம்பி” என்றார். இடம் போதவில்லை என்று நான்தான் விட்டிருந்தேன். அவரிடம் கேட்காமலே எழுதியதும் அப்போதுதான் உறைத்தது.

இருபது வருடமாகக் கவிதையும் வண்ணமும் கலந்துதான் பிழைப்பு. இப்போது வரைய வரும் பிள்ளைகளும் இதையே செய்கிறார்கள். கேட்டால், “பேர் போட்டிருக்கேனே சார்” என்பார்கள். பெயர் போடுவது மரியாதை, அவ்வளவுதான், அனுமதி ஆகாது. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி கவிஞரின் ஆயுளுக்கும், அவர் இறந்த ஆண்டு முடிந்து இன்னும் 60 ஆண்டுகளுக்கும் உரிமை உண்டு. 1976இல் மறைந்தவர் என்றால் 2036 முடியும்வரை வாரிசுகளிடம் கேட்க வேண்டும். பாரதி விஷயத்தில் கவலையில்லை, 1949லேயே அரசு அவர் எழுத்துகளின் உரிமையை வாங்கி, பின்னர் பொதுவாக்கிவிட்டது. பிறகு நாட்டுடைமையான எழுத்தாளர்களும் நிறையப் பேர். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள்.

வரியை விட்டதும் சின்ன விஷயமில்லை. தன் படைப்பைச் சிதைத்துத் தன் பெயருக்குக் குந்தகம் செய்தால் எதிர்க்கும் உரிமையை 57ஆம் பிரிவு படைத்தவருக்குத் தருகிறது. உரிமையை எழுதி விற்ற பிறகும் அது போகாது.

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை நினைத்தால் எனக்குப் பொறாமைதான். 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்து போலவே இருக்கும், படிக்க வராது. யாரிடம் போய் அனுமதி கேட்பது?

சொந்தக் கவிதை என்றாலும் ஒரு பள்ளம் உண்டு. ஓட்டல் ஒன்றின் வரவேற்பறைக்கு, அவர்கள் கேட்டபடி, என் பழைய கவிதை ஒன்றையும் சேர்த்து வரைந்து கொடுத்தேன். அடுத்த வருடம் அந்தப் படம் அவர்கள் காலண்டரில். சண்டைக்குப் போனபோதுதான் வக்கீல் 17ஆம் பிரிவைக் காட்டினார்: காசு கொடுத்து வரையச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஓவியத்தின் முதல் உரிமையாளர். கவிதை மட்டும் என்னுடையதாகவே இருந்தது, அதை வைத்துத்தான் பேரம் பேச முடிந்தது. நாமாக வரைந்து வைத்ததை விற்றால் கதை வேறு. படம் போகும், எழுதிக் கொடுக்காதவரை அச்சிடும் உரிமை போகாது. முன்பணம் வாங்கும் அன்றே ஒரு பக்கத் தாளில் உரிமை யாருக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் ‘ஓகே’ வாங்கிக்கொண்டு தூங்காதீர்கள்.

மை பற்றியும் ஒன்று. ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது பெரும்பாலும் சாயம், வெளிச்சம் பட்டால் வெளிறும். கரி கலந்த இந்தியன் இங்க், இல்லையென்றால் நல்ல அக்ரிலிக் கறுப்பு, நிற்கும். எனக்கு அது அன்று தெரியாது.

அந்தக் கிணற்றடிப் படத்தை நான் விற்கவில்லை. விட்டுப்போன வரியைக் கவிஞர் கேன்வாஸின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முன்பக்கத்து மூன்று வரிகளை இப்போது உற்றுப் பார்த்தால்தான் படிக்க முடிகிறது. சுவரைப் பார்த்தபடி இருந்த அவர் வரி அப்படியே இருக்கிறது.