கையைக் கண்டால் ஓடும் கோழி

சந்தையிலிருந்து மூன்று வெடைக்கோழிகளை வாங்கி வந்து கொல்லையில் விட்டால், மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். ஒன்று கொஞ்ச நேரத்திலேயே மண்ணைக் கிளற ஆரம்பித்துவிடும். இன்னொன்று சுவரோரம் ஒட்டி நின்று, நாம் ஓரடி வைத்தால் அதுவும் ஓரடி நகரும். மூன்றாவது முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டு இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும். ஒரே சந்தை, ஒரே வயது, ஒரே தீவனம். முதல் கோழிக்கு நம்மைப் பிடித்துவிட்டது, மூன்றாவதற்குப் பிடிக்கவில்லை என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். உண்மையில் வந்த அன்றைக்கு எந்தக் கோழிக்கும் நம்மைப் பற்றித் தனியாக ஒரு கருத்தும் கிடையாது. வித்தியாசமெல்லாம் பயத்தின் அளவில்தான். புதுக் கோழியைப் பழக்குவதில் முக்கால்வாசி வேலை அந்தப் பயத்தைக் குறைப்பது. அதில் ஒரு நல்ல குறுக்குவழி உண்டு. அதைச் சொல்வதற்கு முன் பயம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

வளர்ப்புக் கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியக் காடுகளின் செங்காட்டுக்கோழி. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் சிறு பங்கு உண்டு. பல கோழி இனங்களுக்கு இருக்கும் மஞ்சள் தோலுக்கான மரபணு வடிவம் அதிலிருந்து வந்தது என்று 2008இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வால்பாறைப் பக்கம் காலையில் தேயிலைத் தோட்ட ஓரம் அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வண்டி நின்ற நொடியில் புதருக்குள் போய்விடும். காட்டில் முதலில் ஓடியது பிழைத்தது. தயங்கியதைக் கீரியோ வல்லூறோ கொண்டுபோனது. தாய்லாந்தின் பான் நொன் வாட் என்ற இடத்தில் கிடைத்த, வளர்ப்புக் கோழியுடையவை என்று கருதப்படும் எலும்புகள் சுமார் 3,500 ஆண்டுகள் பழையவை. இத்தனை காலம் மனிதனோடு இருந்தும் அந்த ஓட்டம் முழுசாக நிற்கவில்லை.

எவ்வளவு குறைந்திருக்கிறது, எப்படிக் குறைந்தது என்பதைச் சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் பெர் யென்சன் குழுவினர் சோதித்துப் பார்த்தார்கள். செங்காட்டுக்கோழிகளை எடுத்துக்கொண்டு, ஆளைக் கண்டு குறைவாகப் பயந்தவற்றைத் தமக்குள்ளும், அதிகம் பயந்தவற்றைத் தமக்குள்ளும் இணைசேர்த்துத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். அவர்கள் பார்த்துத் தேர்ந்தெடுத்தது பயத்தை மட்டும்தான். ஆனால் பயம் குறைந்த வரிசையில் உடல் பெருத்தது, தின்ற தீவனம் நன்றாக உடம்பில் ஒட்டியது. பத்துத் தலைமுறை ஆனபோது உடல் எடையோடு ஒப்பிட்டால் மூளை சிறுத்திருந்தது. திடீரென்று விளக்கை மின்ன வைத்துப் பார்த்தபோது, இதனால் ஆபத்தில்லை என்று சீக்கிரம் பழகிக்கொண்டதும் அந்த வரிசைதான். ஆக, ஒரு கோழி எவ்வளவு பயப்படுகிறது என்பதோடு, எவ்வளவு வேகமாகப் பயத்தை விடுகிறது என்பதிலும் பிறவிக்குப் பங்கு இருக்கிறது. முருங்கை மரத்தில் உட்கார்ந்திருக்கும் கோழியைத் திட்டிப் பயனில்லை.

இனத்துக்கு இனம் வித்தியாசம் இருப்பது இதனால்தான். வெள்ளை லெகார்ன் படபடப்புக்குப் பேர் போனது. ஆர்பிங்டனும் சில்க்கியும் சாது. அசீலைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். மற்ற கோழியிடம் மூர்க்கமாகப் பாயும் அதே பறவை, வளர்த்தவர் கையில் அடங்கிக் கிடக்கும். சண்டைக் குணமும் ஆளிடம் உள்ள பயமும் தனித்தனி. சந்தையில் வாங்கும்போது 'ரொம்ப சாதுவுங்க' என்று சொன்னால் யாரிடம் சாது என்று கேட்டுக்கொள்வது நல்லது. அப்புறம் ஒரே இனத்துக்குள்ளும், ஒரே தாயின் குஞ்சுகளுக்குள்ளும் குணம் மாறும்.

சரி, கோழி எதைப் பார்த்துப் பயப்படுகிறது? முதலில் அதன் கண்ணைத் தெரிந்துகொள்ள வேண்டும். இரு பக்கமும் கண் இருப்பதால் தலையைத் திருப்பாமலே சுமார் 300 பாகை சுற்றளவைப் பார்க்கும். பின்பக்கம் ஒரு சின்னக் கீற்றுதான் அதற்குத் தெரியாது. எனவே பின்னால் போய்ப் பிடிக்கலாம் என்பது நம் நினைப்பு மட்டுமே. நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் நமக்கு மூன்று வகை, கோழிக்கு நான்கு. புற ஊதாவின் ஓரம் வரை அதற்குத் தெரியும்.

இன்னும் சுவாரசியமானது, இரண்டு கண்ணும் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஆஸ்திரேலிய ஆய்வாளர் லெஸ்லி ரோஜர்ஸ் இதில் பல ஆண்டுகள் வேலை செய்தவர். அடைகாத்த முட்டையில் கடைசி நாட்களில் குஞ்சு சுருண்டு கிடக்கும்போது இடது கண் உடம்போடு ஒட்டி மறைந்திருக்கும். வலது கண் ஓட்டுப் பக்கம் இருக்கும். ஓட்டின் வழியே கசியும் வெளிச்சம் வலது கண்ணுக்கு மட்டும் கிடைப்பதால் மூளையின் இரு பாதிகளும் வெவ்வேறு விதமாக வளர்கின்றன. பொரிந்த பிறகு, கல்லுக்கு நடுவே தானியத்தைப் பிரித்தெடுக்க வலது கண்ணும், வானத்தில் பருந்து வருகிறதா என்று பார்க்க இடது கண்ணும் முந்திக்கொள்கின்றன. ரோஜர்ஸ் குழு முட்டையில் வெளிச்சம் பட்ட குஞ்சுகளையும் இருட்டிலேயே பொரித்த குஞ்சுகளையும் ஒப்பிட்டது. மேலே பருந்து உருவத்தை ஓடவிட்டு, கீழே கூழாங்கல்லோடு தானியத்தைக் கலந்து வைத்தார்கள். வெளிச்சம் பட்டவை இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்தன. இருட்டில் பொரிந்தவை தடுமாறின. நாம் நொய்யை இறைத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கும்போது, கோழி ஒரு கண்ணால் தின்றுகொண்டே மறு கண்ணால் நம்மை எடைபோட்டுக்கொண்டிருக்கிறது.

இப்போது நம் கையை அதன் பக்கத்திலிருந்து பாருங்கள். மேலிருந்து இறங்குகிறது. விரல்கள் விரிந்திருக்கின்றன. பின்னால் ஒரு பெரிய முகம், அதில் முன்னோக்கிய இரண்டு கண். வேட்டையாடும் பறவைக்கும் விலங்குக்கும் கண் இப்படித்தான் இருக்கும். 1971இல் அமெரிக்காவில் கார்டன் கேலப் குழுவினர், செயற்கைக் கண்களைப் பார்க்க வைத்தாலே கோழியின் பயம் கூடுவதைக் காட்டினார்கள். தலைக்கு மேல் கையை நீட்டித் தடவப் போவது பாசமாக நமக்குத் தோன்றலாம், கோழிக்கு அது வல்லூறு. உட்கார்ந்துகொண்டு, பக்கவாட்டில் பார்த்தபடி, கையைத் தரைமட்டத்தில் நீட்டுவதே சரியான முறை.

கேலப் அந்தப் பயத்தை அளந்த முறையும் சொல்லத் தக்கது. கோழியை மல்லாத்திச் சில நொடி மென்மையாக அழுத்தி விட்டுவிட்டால் அப்படியே கட்டைபோல் கிடக்கும். 1646இலேயே அத்தனாசியஸ் கிர்ச்சர் என்ற பாதிரியார் கோழியைத் தரையில் கிடத்தி, கண்ணுக்கு முன்னால் சுண்ணாம்புக் கோடு போட்டு அசையாமல் வைக்கும் வித்தையைப் பற்றி எழுதிவிட்டார். கோட்டுக்கு அதில் வேலை இல்லை. சிக்கிக்கொண்ட இரை கடைசியாகச் செய்வது இந்த அசையாமை. பிடி தளர்ந்தால் எழுந்து ஓடலாம் என்ற ஏற்பாடு. எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு பயம் என்று ஆய்வகங்களில் கணக்கு வைக்கிறார்கள். சில கோழிகள் நொடிகளில் எழும், சில பத்து நிமிடம் ஆனாலும் எழாது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியதும் கோழி அடங்கிவிட்டது என்று நினைக்கிறோமே, அதை அமைதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தலைகீழாகத் தூக்கிய கோழியின் ரத்தத்தில் பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிகோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, உள்ளுறுப்புகள் காற்றுப்பைகளை அழுத்தி மூச்சும் சிரமமாகும். வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே இப்படித் தூக்கி வந்துவிட்டு, அப்புறம் பழகவில்லை என்று குறைப்படுவதில் நியாயம் இல்லை.

குறுக்குவழிக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே ரோஸ்லின் ஆய்வு நிறுவனத்தில் பிரையன் ஜோன்ஸ் கோழிகளின் பயத்தைப் பற்றியே நிறைய ஆராய்ந்தவர். தினமும் மென்மையாகக் கையில் எடுத்த குஞ்சுகளுக்கு மனிதரிடம் பயம் குறைந்தது, அதில் ஆச்சரியமில்லை. ஆனால் கையிலேயே எடுக்காத, மற்றக் குஞ்சுகளை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குஞ்சுகளுக்கும் பயம் குறைந்தது. கோழி தன் கூட்டத்தைப் பார்த்துக் கற்கிறது. எனக்கு இது கோழி வளர்ப்பில் கிடைக்கும் மிகப் பயனுள்ள செய்தியாகப் படுகிறது. ஏனென்றால் வழக்கமாக நாம் செய்வது இதற்கு நேர்மாறு. மரத்தில் ஏறிய பயந்த கோழியையே துரத்தித் துரத்திப் 'பழக்க' முயல்வோம். அது கத்தும் கத்தலில் துணிந்த கோழியும் மிரண்டுவிடும்.

பயந்ததை விட்டுவிட்டு, முதல் நாளே மண்ணைக் கிளறியதே, அதிலிருந்து தொடங்குங்கள். மற்றவை பார்க்கும்படியான இடத்தில் உட்கார்ந்து, அதற்கு மட்டும் நல்லதாக எதையாவது கொடுக்க வேண்டும். கம்பும் நொய்யும் போதும், கரையான் இருந்தால் நிகரே இல்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் ஏறியிருக்கும். கொடுக்கும்போது ஒரே சத்தத்தில் கூப்பிடுங்கள், 'பா... பா...' என்றோ உங்கள் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படியோ. தீனி கண்டால் சேவல் ஒரு தனிக் குரலில் கூப்பிட்டுப் பெட்டைகளை வரவழைக்கும், எனவே சத்தத்தையும் தீனியையும் சேர்த்துப் புரிந்துகொள்வது அவற்றுக்குப் புதிதல்ல. சுவரோரக் கோழி முதலில் தூரத்தில் நின்று பார்க்கும், பிறகு துணிந்தது சிந்தியதைப் பொறுக்க வரும். அதன் பார்வையில் அது நம்மிடம் வரவில்லை, தோழியிடம் வருகிறது. அந்த நேரத்தில் கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தால் செய்த வேலை எல்லாம் போச்சு. கோழிகளால் ஒரு ஆளை இன்னொரு ஆளிலிருந்து பிரித்தறிய முடியும் என்பதால், தொடக்கத்தில் ஒருவரே இதைச் செய்வது நல்லது.

இடையில் ஒரு குழப்பம் வரும். முட்டையிடும் பருவத்தை நெருங்கும் வெடைக்கோழி, கையைக் கொண்டுபோனதும் இறக்கையைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கும். 'தடவச் சொல்லிக் கேட்கிறது' என்று மகிழ்ந்து போவோம். சேவல் மிதிக்க வரும்போது பெட்டை எடுக்கும் நிலை அது. முட்டையிடும் பருவத்தின் ஹார்மோன்கள் செய்யும் வேலை, நம் மீதுள்ள அன்பு இல்லை. முதல் முட்டைக்கு நாள் நெருங்கிவிட்டது என்று மட்டும் தெரிந்துகொள்ளலாம்.

வீட்டில் ஏற்கனவே கோழிகள் இருந்தால் கதை வேறு. நார்வேயின் தோர்லெய்ஃப் ஷெல்டரப்-எப்பே சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, எது எதைக் கொத்தும் என்ற வரிசையை 1920களின் தொடக்கத்தில் விவரித்தார். புதுக் கோழி வந்தால் அந்த வரிசை கலையும், சில நாள் கொத்து நடக்கும். ஒன்றையொன்று முகத்தையும் கொண்டையையும் பார்த்தே அடையாளம் காண்கின்றன. கொண்டையின் தோற்றத்தை மாற்றிவிட்டால் பழகிய கோழியையே அந்நியமாக நினைத்துத் தாக்கும். புதியதைக் கம்பி வலைக்கு அப்பால் கொஞ்ச நாள் வைத்து முகம் பழகவிட்டுச் சேர்ப்பது இதனால்தான். வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் வராமல் பார்க்கவும் இரண்டு மூன்று வாரம் தனியே வைக்கத்தான் வேண்டும். வரிசையில் இடம் மாறினால் குணமும் ஓரளவு மாறும். சுவீடனில் சேவல்களின் நிலையை மாற்றிப் பார்த்தபோது அவற்றின் நடத்தையில் சில கூறுகள் கூடவே மாறின. பழைய இடத்தில் அடி வாங்கிக்கொண்டிருந்த கோழி புது வீட்டில் துணிந்ததாகத் தெரிவது இதனால் நடக்கக்கூடியதுதான்.

நன்றாகப் பழகிய கோழியும் ஒரு கட்டத்தில் திடீரென்று நம்மைப் பார்த்துச் சிலிர்த்துக்கொண்டு கையைக் கொத்தும். அடையில் உட்கார்ந்துவிட்டது என்று பொருள். புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறும் காலம், 21 நாளும் அதைச் சீண்டாமல் விடுவதுதான் மரியாதை. பொரிந்த பிறகு பார்க்க வேண்டிய வேடிக்கை வேறு. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் நிக்கலும் ஸ்டூவர்ட் போப்பும் 1996இல் வெளியிட்ட சோதனையில், ஒரு நிறத் தீவனம் கெட்டது என்று தாய்க்கோழிக்குப் பழக்கினார்கள். பிறகு குஞ்சுகள் அதே நிறத் தீவனத்தைத் தின்பதைத் தாய் பார்க்கும்படி செய்தார்கள். தாய் வழக்கத்தைவிட அதிகமாகக் கிளறி, கொத்தி, கூப்பிட்டுக் குஞ்சுகளை நல்ல தீனியின் பக்கம் இழுக்கப் பார்த்தது. எதைத் தின்னலாம் என்று தாய் சொல்லிக்கொடுக்கிறது. அந்தத் தாய் உங்கள் கையிலிருந்து கம்பைக் கொத்தினால், குஞ்சுகள் முதலில் அதன் வயிற்றடியில் நின்று பார்க்கும். பிறகு ஒன்றிரண்டு மட்டும் வெளியே வந்து விரலைக் கொத்திப் பார்க்கும். அது எந்தக் குஞ்சு என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தை அதிலிருந்து பழக்க ஆரம்பிக்கலாம்.