கூறு

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் ஒருவரைத் திட்டும்போது 'கூறுகெட்டவன்' என்போம். நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருப்பவருக்கும் அந்தத் திட்டு விழும். எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும், தன் கை எதுவரை எட்டும் என்று தெரியாதவர் என்பது அதன் பொருள். தனிமனிதத் திறன், சமூகத் திறன், தொழில் திறன் என்று பாடத்தில் மூன்றாகப் பிரித்து நான் நடத்துவதை ஊர் ஒரே சொல்லில் வைத்திருக்கிறது.

பாளையங்கோட்டையில் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அவர்களோடு வார்டுக்கும் போகிறேன். அங்கே பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருவர், பீடி சுற்றியே பிள்ளைகளை வளர்த்தவர். ஒரே மாதத்தில் மூன்றாவது தடவையாகச் சுகர் இறங்கி, வியர்த்து நடுங்கி வந்து சேர்ந்திருந்தார். முதல் நாள் அவரைப் பார்த்துக்கொண்ட மாணவி வகுப்பில் முதல் மார்க். "நேரத்துக்குச் சாப்பிடணும் பாட்டி. ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம இருக்கக் கூடாது" என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். ஆச்சியும் "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார். சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் ஆச்சி வீட்டில் நேரத்துக்குத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் போனவள் சுமாராகப் படிக்கிற பெண். கட்டில் ஓரம் நின்ற மருமகளிடம், "வீட்ல யாருக்கா ஊசி போடுறது?" என்று கேட்டாள்.

"நான்தான். டாக்டர் சொன்ன மாதிரி இருபதுதான் போடுதேன்." குரலிலேயே கோபம். வீட்டில் ஏற்கெனவே பழி அவள் மேல் விழுந்திருக்க வேண்டும்.

"எனக்கும் அந்தச் சின்னக் கோடு முதல்ல பிடிபடவே இல்லக்கா. நீங்க எப்படி எடுப்பீங்கன்னு ஒருக்கா காட்டுங்க, நானும் பார்த்துக்கிடுதேன்."

மருமகள் வயர் கூடையிலிருந்து குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்தாள்.

நம் கடைகளில் இன்சுலின் குப்பி இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஆச்சிக்கு மருந்து 100-க்கு மாறியிருந்தது, சிரிஞ்ச் மாறவில்லை. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி ஏறும். 100 யூனிட் மருந்தில் அரை மில்லி என்றால் 50 யூனிட். மருமகள் கணக்கில் இருபது, ஆச்சி உடம்பில் ஐம்பது.

அந்தப் பெண் அங்கேயே எதுவும் சொல்லவில்லை. நேரே என்னிடம் வந்தாள். "மேடம், சிரிஞ்ச் மாறியிருக்கிற மாதிரி படுது. உறுதியாத் தெரியல. ஒருக்கா வந்து பாருங்க."

அவள் செய்ததில் தொழில் எது, பழக்கம் எது, மனது எது என்று பிரிக்க எனக்கு வரவில்லை. மூடியின் நிறம் தெரிந்திருந்தும் மருமகளைக் கடிந்திருந்தால் அந்தக் கூடை திறந்திருக்காது. பேச்சு மட்டும் இனிமையாக இருந்து நிறம் தெரியாமல் போயிருந்தால், கண்ணெதிரே இருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பாள். எல்லாவற்றையும்விட, 'உறுதியாத் தெரியல' என்று வந்து சொன்னாளே, அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். தனிமனிதத் திறன் என்றால் தைரியமாகப் பேசுவது என்று பலர் எண்ணுகிறார்கள். தன் அறிவு எங்கே முடிகிறது என்று கண்டுகொண்டு, கூச்சப்படாமல் இன்னொருவரைக் கூப்பிடுவது அதைவிடக் கடினம்.

மதிப்பெண்ணையும் அறிவுத்திறன் சோதனையையும் வைத்து ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்று சொல்லிவிட முடியாது, திறனைத்தான் சோதிக்க வேண்டும் என்று டேவிட் மெக்கிளெலண்ட் என்ற உளவியலாளர் 1973-லேயே எழுதினார். மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990-ல் நான்கு படிகள் சொன்னார்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வது என்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் செய்வது. நம் எழுத்துத் தேர்வுகள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன.

இதில் பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அட்மிஷன் அன்று பிள்ளையிடம் பெயர் கேட்டால் அப்பா பதில் சொல்கிறார். எந்த ஊர் என்றால் அம்மா சொல்கிறார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம், படிப்பு மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வந்த பிள்ளைதான் ஆறாவது மாதம் வார்டில் நோயாளி ஒரு சொல் அதட்டியதும் கழிப்பறைக்குள் போய் அழுகிறாள். பேங்கில் பணம் கட்ட அவளை அனுப்புங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்க விடுங்கள். தப்பாக நிரப்பிய படிவத்தை அவளே திரும்ப வாங்கி நிரப்பட்டும்.

அப்புறம், என் பங்குக்கு நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். செய்முறைத் தேர்வில் இன்சுலின் கேள்வி வந்தால் முன்பு சிரிஞ்சில் மருந்து எடுக்கச் சொல்வேன். இப்போது இரண்டு நிற மூடிகளையும் மேஜையில் வைத்துவிட்டு, எதிரே கல்லூரி ஆயாம்மாவை உட்கார வைக்கிறேன். மாணவி அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் திரும்பச் சரியாகச் செய்து காட்டினால்தான் மார்க்.