பச்சை டிக் விழுந்த பிறகு

சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற விற்பனை, வாடிக்கையாளர் விவர மென்பொருளை நிர்வகிக்கும் அட்மின் வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் கொடுக்கும் கணக்கு ஒன்றே ஒன்றுதான். ஸ்கிரீனைப் பகிரச் சொல்லிவிட்டு, "ஒரு ஆப்பர்ச்சூனிட்டியை 'குளோஸ்டு லாஸ்ட்' என்று மாற்றினால், ஏன் கைநழுவியது என்ற காரணத்தை எழுதாமல் சேவ் ஆகக் கூடாது. அதற்கு ஒரு வேலிடேஷன் ரூல் போடுங்க" என்பேன். ஆப்பர்ச்சூனிட்டி என்பது பேச்சில் இருக்கும் ஒரு விற்பனை, 'குளோஸ்டு லாஸ்ட்' என்றால் அது கைவிட்டுப் போனது. வேலிடேஷன் ரூல் என்பது தவறான பதிவை சேவ் ஆகவிடாமல் தடுக்கும் விதி. பத்து நிமிட வேலை. சேல்ஸ்ஃபோர்ஸின் ஆன்லைன் பயிற்சித் தளமான டிரெயில்ஹெட்டில் வேலிடேஷன் ரூலுக்கென்றே பயிற்சி இருக்கிறது. கான்டாக்டின் (தொடர்பு நபரின்) அஞ்சல் குறியீடும் அக்கவுன்டின் (அவர் நிறுவனத்தின்) ஷிப்பிங் குறியீடும் ஒத்துப்போக வேண்டும் என்று வரும் அந்தச் சேலஞ்சைச் செய்யாத அட்மினைப் பார்ப்பது அரிது.

அப்படி வந்த ஒருவர் டிரெயில்ஹெட்டில் ரேஞ்சர் தரம் வாங்கியவர். பாடங்களை முடித்துப் பெறும் பேட்ஜ் 100ம் 50,000 புள்ளியும் சேர்த்தால் கிடைப்பது அது, லேசான உழைப்பில்லை. அவர் மளமளவென்று ஃபார்முலாவை எழுதி, காரணத்தை நிரப்பி சேவ் கொடுத்தார். சிவப்பில் பிழைச் செய்தி வந்தது. காரணத்தை அழித்துவிட்டுக் கொடுத்தார். சத்தமில்லாமல் சேவ் ஆனது.

ரூல் தலைகீழாக இருந்தது. வேலிடேஷன் ரூலில் எந்த நிலையைத் தடுக்க வேண்டுமோ அதைத்தான் எழுத வேண்டும். ஃபார்முலா 'ட்ரூ' ஆனால்தான் பிழை வரும். அவர் 'எப்படி இருக்க வேண்டும்' என்பதை எழுதியிருந்தார். "இந்த பேட்ஜ் என்கிட்ட இருக்கே சார்" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: ஒரு வீடியோவில் இருந்த ஃபார்முலாவைப் பார்த்து அப்படியே தட்டியிருக்கிறார்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 'செக்' பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். டிரெயில்ஹெட் உங்கள் பிளேகிரவுண்டுக்குள் (பயிற்சிக்கென்று தரும் தனி சேல்ஸ்ஃபோர்ஸுக்குள்) போய், கேட்ட பெயரில் ஃபீல்டு இருக்கிறதா, ரூல் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று பார்த்து டிக் போடுகிறது. நீங்கள் யோசித்துச் செய்தீர்களா, பார்த்து எழுதினீர்களா என்று அதற்குத் தெரிய வழியில்லை. கேள்வி பதில் வகையில் முதல் முயற்சிக்கு 100 புள்ளி, இரண்டாவதற்கு 50, அதன்பின் 25 என்று குறையும். செய்துகாட்டும் சேலஞ்சில் எத்தனையாவது முறை சரியாக வந்தாலும் 500தான். முட்டி மோதிக் கற்றவருக்கும் அதே 500, ஒட்டிவிட்டுப் போனவருக்கும் அதே 500.

நானும் பேட்ஜ் பைத்தியமாக இருந்தவன்தான். ஒரு வாடிக்கையாளரின் புரொடக்‌ஷனில் (நிஜ வேலை நடக்கும் சிஸ்டத்தில்) இதே 'காரணம் கட்டாயம்' ரூலைப் போட்டேன். ஃபார்முலா சரி, சோதித்தும் பார்த்தேன். மறுநாள் காலை, இரவில் ஓடிய டேட்டா பரிமாற்றம் பாதியில் விழுந்து கிடந்தது. ரூல் போடுவதற்கு முன்பே 'லாஸ்ட்' ஆகிக் காரணம் இல்லாமல் கிடந்த பழைய ரெக்கார்டுகள் ஏராளம். வேறு சிஸ்டம் அவற்றில் ஏதோ ஒரு ஃபீல்டைத் தொட்டதும், என் ரூல் ஒவ்வொன்றையும் மறித்திருக்கிறது. பேஜ் லேஅவுட்டில் ஒரு ஃபீல்டைக் கட்டாயமாக்கினால் அது திரையோடு நிற்கும். வேலிடேஷன் ரூல் ஏபிஐ வழியாக, அதாவது வேறு மென்பொருளிலிருந்து நேரடியாக வருவதையும் பிடிக்கும். இதை நான் படித்திருந்தேன், ஆனால் உறைத்தது அன்றைக்குத்தான். ஸ்டேஜ் இப்போதுதான் மாறியதா என்று பார்க்கும் 'இஸ்சேஞ்ட்', புதிய ரெக்கார்டா என்று பார்க்கும் 'இஸ்நியூ' இரண்டையும் சேர்த்த பிறகுதான் அடங்கியது.

பிளேகிரவுண்டில் இது ஏன் தெரியவில்லை? அங்கே இருப்பது எட்ஜ் கம்யூனிகேஷன்ஸ், ஜீன்பாயின்ட் என்று பத்துப் பன்னிரண்டு மாதிரி அக்கவுன்ட்தான். பழைய பாவம் எதுவும் இல்லாத சிஸ்டம் அது.

அதனால் இப்போது என் குழுவில் சேரும் ஜூனியர்களிடம் சொல்வது: டிக் விழுந்ததும் அடுத்த பேட்ஜுக்கு ஓடாதீர்கள், செய்ததை உடையுங்கள். ஸ்ப்ரெட்ஷீட்டில் 200 வரி பொய் டேட்டா தயார் செய்து, பாதி வரிகளில் காரணத்தைக் காலியாக விட்டு ஏற்றிப் பாருங்கள். ஆஃபீஸ் வாடிக்கையாளர் பட்டியலை எடுத்து வந்து ஏற்றவே கூடாது. அது பயிற்சிக் களம், அவர்கள் விவரம் அங்கே போக வேண்டியதில்லை. டிரிகர் (ரெக்கார்டு சேவ் ஆகும்போது தானாக ஓடும் புரோகிராம்) எழுதுகிறவர்களுக்கும் இந்த 200 முக்கியம். லூப்புக்குள் குவெரி (டேட்டாவைத் தேடி எடுக்கும் கட்டளை) வைத்த டிரிகர் ஒரு ரெக்கார்டுக்கு அழகாக ஓடும். 200 ரெக்கார்டு ஒன்றாக வந்தால், ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு 100 குவெரி என்ற வரம்பில் 101வது இடறிவிடும்.

இன்னொன்று, பலரும் செய்யாதது. பிளேகிரவுண்டில் நீங்கள் எப்போதும் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர், உங்களுக்கு எல்லாமே தெரியும். சாதாரண உரிமையோடு இரண்டாவது யூசர் ஒருவரை உருவாக்கி அவராக உள்ளே போங்கள். நீங்கள் ஆசையாகச் செய்த ஃபீல்டு அவர் கண்ணில் படாமலே போகலாம். பெர்மிஷன் பாடத்தை நாலு முறை படிப்பதைவிட, அந்தக் காலியிடத்தைத் தேடும் பத்து நிமிடம் நன்றாகக் கற்றுத்தரும்.

எல்லாம் சரியாகச் செய்தும் 'செக்' மறுக்கிறதா? முதலில் பாருங்கள், வேலை செய்தது ஒரு பிளேகிரவுண்டில், செக் கொடுத்தது வேறொன்றிலா என்று. அடுத்து ஏபிஐ பெயரில் (சிஸ்டம் உள்ளே அடையாளம் காணும் பெயரில்) ஓர் எழுத்துப் பிசகா என்று. பாதிப் புலம்பல் இங்கேயே தீரும்.

அந்த ரேஞ்சரிடமும் இதையெல்லாம் சொல்லி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மெயில். "சார், காரணத்தை பிக்லிஸ்ட்டாக, அதாவது தேர்ந்தெடுக்கும் பட்டியலாக வைத்துப் பார்த்தேன். காலியா என்று பார்க்கும் 'இஸ்பிளாங்க்' அதை ஏற்கவே மாட்டேன் என்கிறது. எழுத்தாக மாற்றும் 'டெக்ஸ்ட்' ஃபங்ஷனுக்குள் வைத்ததும் ஏற்கிறது. ஏன் அப்படி?"

எந்த பேட்ஜும் கேட்காத கேள்வி. அன்று மதியமே அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டோம்.